மலைச்சரிவில் உள்ள வீட்டைப் புயலுக்கு முன் எப்படித் தயார் செய்வது?

கேள்வி: வேதாரண்யத்து மகள் (பள்ளங்கி)

அனைவருக்கும் வணக்கம். நான் பிறந்து வளர்ந்தது வேதாரண்யம் பக்கம். திருமணத்துக்குப் பிறகு கொடைக்கானலை அடுத்த பள்ளங்கியில் வசிக்கிறேன். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி ஒன்று உருவாகியிருப்பதாகவும், அது வலுப்பெற்றால் டெல்டா கடற்கரையை நோக்கி வரக்கூடும் என்றும் செய்தியில் சொல்கிறார்கள்.

கடற்கரையில் புயலுக்கு முன் என்ன செய்ய வேண்டும் என்பது எங்கள் ஊரில் சிறு பிள்ளைகளுக்கும் தெரியும். கடல் உள்ளே வரும் என்பதால் தாழ்வான இடத்தை விட்டுப் பள்ளிக்கூடத்துக்கோ புயல் பாதுகாப்பு மையத்துக்கோ போய்விடுவோம். மாடி வீடு உள்ளவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்துவிடுவார்கள். ஆனால் இங்கே எங்கள் வீடு சரிவில் இருக்கிறது. பின்புறம் மேட்டை வெட்டி இடம் எடுத்துத்தான் வீடு கட்டியிருக்கிறார்கள். வெட்டிய மண் சுவர் போல ஓர் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கிறது. அதற்கு மேலே தைல மரங்களும் சீகை (வாட்டில்) மரங்களும் இருக்கின்றன. முன்பகுதி தளம் போட்டது, சமையலறையும் பின் அறையும் தகரக் கூரை. மாமியாருக்குச் சர்க்கரை நோயும் மூச்சிழுப்பும் உண்டு. சிறு குழந்தைகள் இருவரும் ஒரு கறவை மாடும் இருக்கிறார்கள்.

என் கணவர், "கடலிலிருந்து இவ்வளவு தூரம் தள்ளி இவ்வளவு உயரத்தில் இருக்கிறோம், இங்கே புயல் என்ன செய்யும்" என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. வீட்டிலேயே இருப்பதா, வெளியேறுவதா? இருப்பதென்றால் எந்த அறையில் இருப்பது? இன்றும் நாளையும் முதலில் எதைச் செய்ய வேண்டும்? அனுபவமுள்ளவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

மறுமொழி 1: பெருமாள்மலைப் பெரியவர்

அன்பு மகளுக்கு, உங்கள் கவலை நியாயமானது. உங்கள் கணவரிடம் ஒரு செய்தியை மட்டும் நினைவுபடுத்துங்கள். வேதாரண்யமும் கொடைக்கானலும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில், கிழக்கும் மேற்குமாக, நேர்க்கோட்டுத் தூரத்தில் சுமார் 250 கி.மீ. இடைவெளியில் இருக்கின்றன. 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயல் மேற்கு நோக்கியே வந்து, திண்டுக்கல் மாவட்டத்தின் வழியாகக் கேரளம் சென்று அரபிக்கடலில் இறங்கியது. தரைக்கு வந்த பிறகு அது வலுவிழந்தது உண்மைதான். ஆயினும் கொடைக்கானல் வட்டத்தில் மரங்கள் வேரோடு சாய்ந்தன, மின்கம்பங்கள் விழுந்தன, மலைச்சாலைகள் அடைபட்டன. உங்கள் பிறந்த ஊரில் தென்னையைச் சாய்த்த அதே புயல்தான் இங்கே சைப்ரஸ் மரத்தையும் சாய்த்தது.

இங்கே மூன்று ஆபத்துகள் உண்டு: மரம், மண், வழி அடைபட்டுத் தனித்துப்போவது. மண்ணைப் பற்றிப் பொறியாளர்கள் யாராவது எழுதுவார்கள் என்று நம்புகிறேன். நான் மரத்தையும் வழியையும் சொல்கிறேன்.

மழையில் ஊறிய மண்ணில் சீகை மரம் நிற்காது, ஏனென்றால் அதன் வேர் ஆழமாக இறங்குவதில்லை. தைல மரம் உயரமாக வளர்வதால் காற்றை முழுவதும் அதுவே வாங்கும். நாளைப் பகலில் வீட்டைச் சுற்றி நடந்து, எந்த மரம் விழுந்தால் எந்த அறையின் மேல் விழும் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். காய்ந்த மரம், ஒரு பக்கம் சாய்ந்த மரம், அடிமரத்தில் பொந்து உள்ள மரம், வேரடியில் மண் விரிந்து வெடிப்பு விட்ட மரம் ஆகியவையே முதலில் விழும். இதில் ஒரு சட்டச் சிக்கலும் இருக்கிறது. மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் 1955 இங்கே நடைமுறையில் உள்ளதால், நம் பட்டா நிலத்து மரத்தையும் அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது. எனவே புயலுக்கு முந்தைய நாள் பவர் சா வைத்திருப்பவரைத் தேடி அலைவதை விட, ஆபத்தான மரத்தைப் படம் எடுத்து கிராம நிர்வாக அலுவலரிடமும் வனத்துறையினரிடமும் இப்போதே எழுத்து மூலம் கொடுங்கள். அவர்கள் வரும் வரை அந்த மரம் விழக்கூடிய அறையில் யாரும் படுக்காதீர்கள். விண்ணப்பத்தைக் கோடையிலேயே கொடுப்பதுதான் முறை என்பதை அடுத்த ஆண்டுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

காற்றைப் பற்றி இன்னொன்று. புயலின் மையம் நகர நகரக் காற்றின் திசை மாறும். வடக்கிலிருந்து வீசிய காற்று சற்று ஓய்ந்ததும் எல்லாம் முடிந்தது என்று எண்ணி, மாட்டைப் பார்க்கவோ தகரத்தைச் சரிசெய்யவோ வெளியே போகிறவர்கள் உண்டு. ஒரு பக்கம் தள்ளப்பட்டு வேர் தளர்ந்த மரம், எதிர்ப்பக்கத்துக் காற்று வந்ததும்தான் விழுகிறது. வானொலியில் புயல் கடந்துவிட்டது என்று சொல்லும் வரை வெளியே போக வேண்டாம்.

தகரக் கூரையின் மேல் கல்லை ஏற்றி வைப்பது இங்கே பழக்கம். அந்தக் கல் உருண்டு யார் தலையிலாவது விழும். அதற்குப் பதிலாக ஓரத் தகரங்களிலும் முகட்டிலும் உள்ள கொக்கி போல்ட்டுகளை இன்றே முடுக்குங்கள், துருப்பிடித்தவற்றை மாற்றுங்கள். காற்று நடுத் தகரத்தைத் தூக்குவதில்லை, ஓரத்தைத்தான் முதலில் பிடித்துக் கிளப்பும். மணல் மூட்டை வைப்பதென்றால் இரண்டிரண்டாகக் கயிற்றால் இணைத்து, முகட்டின் இருபுறமும் தொங்கும்படி போடுங்கள்.

சாலை அடைபட்டால் மேலே காய்கறி லாரியும் வராது, கேஸ் வண்டியும் வராது. ஒரு வாரத்துக்கான அரிசி, பருப்பு, எண்ணெய், குழந்தைக்கான பால் பவுடர், ஈரம் படாமல் மூடி வைத்த விறகு, தீப்பெட்டி ஆகியவை வீட்டில் இருக்கட்டும். கையில் கொஞ்சம் ரொக்கமும் வேண்டும், மின்சாரம் இல்லாதபோது ஏ.டி.எம். வேலை செய்யாது. கடப்பாரை, மண்வெட்டி, அரிவாள், நீளக் கயிறு நான்கையும் வெளிக் கொட்டகையில் வைக்காமல் வீட்டுக்குள் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள்.

மறுமொழி 2: குன்னூர்ப் பொறியாளர்

சகோதரிக்கு வணக்கம். நான் நீலகிரியில் கட்டடப் பணி செய்கிறேன். உங்கள் வீட்டின் அமைப்பைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நீங்கள் முதலில் அஞ்ச வேண்டியது காற்றுக்கு அல்ல, வீட்டின் பின்னால் வெட்டப்பட்ட அந்த மேட்டுக்குத்தான்.

2009 நவம்பர் 10 அன்று எங்கள் கேத்தியில் 24 மணி நேரத்தில் 82 செ.மீ. மழை பதிவானது. அப்போது நீலகிரியில் ஏற்பட்ட நிலச்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். எந்தப் புயலும் நீலகிரியின் மேல் ஏறி வரவில்லை; கொட்டித் தீர்த்த மழையே அதற்குப் போதுமானதாக இருந்தது. ஆகவே "புயல் திசை மாறிவிட்டது" என்ற செய்தி வந்தாலும் மழை எச்சரிக்கையைக் கவனியுங்கள். வானிலை ஆய்வு மையம் உங்கள் மாவட்டத்துக்குச் சிவப்பு எச்சரிக்கை விடுத்தால், ஒரே நாளில் 20 செ.மீ.க்கு மேல் மழை பெய்யக்கூடும் என்று பொருள்.

நம் மலைகளில் பாறையின் மேல் மண் தடிமனாகப் படர்ந்திருக்கிறது. மழைநீர் அதற்குள் இறங்கி மண்துகள்களுக்கு இடையே நிறையும்போது மண்ணின் எடை கூடும், துகள்கள் ஒன்றையொன்று பிடித்திருக்கும் பிடிமானம் குறையும். மேட்டின் அடியை வெட்டிவிட்ட இடத்தில் அதைத் தாங்க எதுவும் இல்லை. இதனால்தான் மழை ஓங்கிப் பெய்யும்போது சரியாத மேடு, மழை நின்று வெயில் வந்த மறுநாளில்கூடச் சரிகிறது.

இப்போது நீங்கள் செய்யக்கூடியது ஒன்றுதான்: தண்ணீரை அந்த மேட்டுக்குள் இறங்கவிடாமல் வேறு வழியில் அனுப்புவது. 800 சதுர அடிக் கூரையில் 20 செ.மீ. மழை பெய்தால் கிட்டத்தட்ட 15,000 லிட்டர் தண்ணீர் விழும். அதை வீட்டோரத்திலேயே கொட்டவிட்டால் உங்கள் அஸ்திவாரமும் கீழ்வீட்டுக்காரரின் மேடும் ஊறிப்போகும். கூரைத் தண்ணீரைப் பி.வி.சி. குழாய் வழியாக ஊர்க் காலுவாய் வரையோ ஓடை வரையோ கொண்டுபோய் விடுங்கள். மேட்டின் உச்சியில், விளிம்பிலிருந்து சற்று உள்ளே தள்ளி, தண்ணீர் பக்கவாட்டில் வழிந்து போகும்படி காலுவாய் ஒன்று வெட்டுங்கள். காலுவாய் ஏற்கெனவே இருந்தால் அதில் கிடக்கும் தைல இலையையும் மண்ணையும் அள்ளுங்கள். மேட்டில் வெடிப்பு இருந்தால் அதன் மேல் தார்ப்பாய் விரித்து, ஓரங்களில் மூட்டை வைத்து மூடுங்கள். வெடிப்பில் நேராக இறங்கும் தண்ணீரே மிகவும் கெடுதல் செய்வது. தடுப்புச் சுவர் இருந்தால் அதிலுள்ள கசிவுத் துளைகளை ஒரு கம்பியால் குத்திப் பாருங்கள். மழையில் அந்தத் துளைகளிலிருந்து தண்ணீர் வடிந்தால் சுவர் தன் வேலையைச் செய்கிறது. துளை காய்ந்திருக்க, சுவர் மட்டும் புடைத்திருந்தால் பின்னால் தண்ணீர் தேங்கியிருக்கிறது.

சில அறிகுறிகளைக் கண்டால் மழை குறையட்டும் என்று காத்திருக்கக் கூடாது. நேற்று வரை சாத்திய கதவு இன்று நிலையில் சிக்குவது, தரையிலோ சுவரிலோ புது வெடிப்பு தோன்றி அகலமாவது, நேராக நின்ற மரமோ வேலிக் கல்லோ சாய்வது, இதுவரை ஊற்று இல்லாத இடத்தில் கலங்கல் தண்ணீர் கசிவது, ஓடையில் மழை பெய்துகொண்டிருக்கும்போதே தண்ணீர் திடீரென்று குறைவது ஆகியவை அந்த அறிகுறிகள். கடைசியில் சொன்னதை நம் மக்கள் நல்ல சகுனமாக எடுத்துக்கொள்கிறார்கள். மேலே எங்கோ சரிந்த மண் ஓடையை அடைத்துக்கொண்டிருக்கிறது, அது உடைந்து வரும் என்பதே அதன் பொருள். மேலிருந்து இரைச்சல் கேட்டால் சரிவின் போக்கிலேயே கீழ்நோக்கி ஓடாதீர்கள். பக்கவாட்டில் விலகி ஓடுங்கள்.

நீங்கள் கேட்டதற்கு நேரான பதில்: சிவப்பு எச்சரிக்கை வந்தால் உங்கள் வீட்டில் இரவு தங்க வேண்டாம். பொழுது சாய்வதற்கு முன்பே மாமியாரையும் குழந்தைகளையும் மேட்டை விட்டு விலகிய உறவினர் வீட்டுக்கோ ஊராட்சி ஏற்பாடு செய்யும் முகாமுக்கோ அனுப்பிவிடுங்கள். இருட்டிலும் மழையிலும் ஒரு முதியவரைச் சரிவுப் பாதையில் நடத்திக் கூட்டிச் செல்வது வீட்டில் இருப்பதை விட ஆபத்தானது. எச்சரிக்கை அந்த அளவுக்கு இல்லாமல் வீட்டில் இருக்க நேர்ந்தால் எல்லோரும் தளம் போட்ட முன் அறையில் படுங்கள். பின் அறையிலும் சமையலறையிலும் யாரும் வேண்டாம்.

வேதாரண்யத்து மகள்

ஐயா இருவருக்கும் மிக்க நன்றி. பொறியாளர் ஐயா எழுதியதைக் கணவருக்குப் படித்துக் காட்டினேன். அவர் உடனே பின்புறம் சென்று பார்த்தார். மேட்டின் மேலே காலுவாய் இருந்திருக்கிறது, ஆனால் இலையும் மண்ணும் நிறைந்து தடமே தெரியாமல் இருக்கிறது. அதன் ஓரத்தில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பும் இருக்கிறது. தார்ப்பாய் வாங்க மூஞ்சிக்கல் போயிருக்கிறார். மாட்டை என்ன செய்வது என்றும், மாமியாரின் இன்சுலினை மின்சாரம் இல்லாமல் எப்படி வைப்பது என்றும் யாராவது சொல்லுங்கள்.

மறுமொழி 3: பண்ணைக்காட்டுச் செவிலியர்

அக்கா, இன்சுலினைப் பற்றி அதிகம் கலங்க வேண்டாம். திறந்து பயன்படுத்திக்கொண்டிருக்கும் பெரும்பாலான இன்சுலின் குப்பிகளைச் சாதாரண அறை வெப்பத்தில் ஏறக்குறைய நான்கு வாரங்கள் வைத்திருக்கலாம். இந்த மாதத்தில் நம் மலையில் இருக்கும் குளிருக்கு அது பிரச்சினையே அல்ல. வெயிலும் அடுப்புச் சூடும் படாத இடத்தில் வையுங்கள், உறைய விடாதீர்கள். இழுப்புக்கான இன்ஹேலரும் மற்ற மாத்திரைகளும் இரண்டு வாரத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். மருந்துச் சீட்டின் நகல், ஆதார் அட்டை, குடும்ப அட்டை, பட்டா ஆகியவற்றை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு மருந்துப் பையிலேயே வையுங்கள். வீட்டை விட்டுக் கிளம்பும்போது அந்த ஒரு பையை எடுத்தால் போதும் என்றிருக்க வேண்டும்.

புயலுக்குப் பிறகு ஊற்றுத் தண்ணீரும் குழாய்த் தண்ணீரும் கலங்கி வரும். துணியில் வடிகட்டிக் கொதிக்க வைத்தே குடியுங்கள். இவ்வளவு உயரத்தில் தண்ணீர் 93 டிகிரி அளவிலேயே கொதித்துவிடுகிறது. எனவே கொதி வந்ததும் இறக்காமல், தளதளவென்று மூன்று நிமிடம் கொதிக்க விடுங்கள்.

இன்னொன்றை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். மழையும் குளிருமாக இருக்கும்போது கரி அடுப்பை அறைக்குள் வைத்து, சன்னல்களைச் சாத்திக்கொண்டு தூங்காதீர்கள். கரிப்புகையில் நிறமும் மணமும் இல்லாத நச்சு வாயு உண்டு. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். ஈரத் துணியை மாற்றி, கம்பளியும் குல்லாவும் போட்டு, குழந்தைகளைப் பெரியவர்களுக்கு நடுவில் படுக்க வைத்தாலே சூடு போதும். மாமியாருக்கு இழுப்பு இருப்பதால் விறகுப் புகையும் அவர் இருக்கும் அறைக்கு வரக்கூடாது.

மறுமொழி 4: ஓய்வுபெற்ற மின்பணியாளர் (நாயுடுபுரம்)

மின்சாரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். காற்று வலுக்கும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். அறுந்து கிடக்கும் கம்பி எதுவானாலும் அதில் மின்சாரம் இருக்கிறது என்றே கொள்ளுங்கள். ஊர் முழுவதும் இருட்டாக இருந்தாலும் அப்படித்தான். ஈர மண்ணில் கம்பிக்கு அருகில் கால் வைப்பதே ஆபத்து. அக்கம்பக்கத்தில் யாராவது ஜெனரேட்டர் வைத்திருந்தால் அதை வீட்டு வயரிங்கில் நேராக இணைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள், ஏனென்றால் அந்த மின்சாரம் வெளிக்கம்பிக்குத் திரும்பிச் சென்று, கம்பத்தில் ஏறி வேலை செய்பவரைக் கொன்றுவிடும்.

கைப்பேசிக்கு முழுதாகச் சார்ஜ் ஏற்றினாலும் கோபுரத்துக்கு மின்சாரம் இல்லாவிட்டால் பயனில்லை. பேட்டரியில் ஓடும் ரேடியோ ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். கொடைக்கானல் பண்பலை 100.5 மலையிலும் கிடைக்கும், கீழே சமவெளியிலும் கிடைக்கும். சிக்னல் இருக்கும்போதே மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, தீயணைப்பு 101, ஆம்புலன்ஸ் 108 ஆகியவற்றைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள், குழந்தைகளுக்கும் தெரியட்டும்.

மறுமொழி 5: தாண்டிக்குடி விவசாயி

மாட்டைக் கொட்டகையில் கட்டி வைத்துவிட்டு நீங்கள் மட்டும் போகாதீர்கள். உங்கள் கொட்டகையும் அந்த மேட்டின் அடியில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். மரமும் மேடும் இல்லாத தோட்டத்து ஓரத்திலோ தெரிந்தவர் கொட்டகையிலோ முன்கூட்டியே கொண்டுபோய் விடுங்கள். வேறு வழியே இல்லையென்றால் கயிற்றை அவிழ்த்துவிடுங்கள்; கட்டுண்ட மாட்டுக்குத் தப்ப வழியில்லை, அவிழ்ந்த மாடு தானாகப் பத்திரமான இடம் பார்த்து ஒதுங்கும். காய்ந்த தீவனத்தைத் தார்ப்பாயில் சுற்றிப் பரணில் போடுங்கள்.

தோட்டம் இருந்தால் முற்றிய கேரட்டையும் பீன்ஸையும் இன்றே எடுத்துவிடுங்கள், பாத்திகளின் வடிகாலைத் திறந்துவிடுங்கள். அடுக்கு நிலத்தில் ஒரு வரப்பு உடைந்தால் அதன் தண்ணீர் அடுத்த வரப்பையும் உடைத்துக்கொண்டு கடைசியில் கீழே இருக்கும் வீட்டின் மேல்தான் வந்து நிற்கும். உங்களுக்கு மேலே தோட்டம் வைத்திருப்பவரிடமும் இதைப் பேசிவிடுங்கள். இந்த நேரத்தில் கேட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள்.

வேதாரண்யத்து மகள்

அனைவருக்கும் நன்றி. காலுவாயை அள்ளி முடித்துவிட்டோம். வெடிப்பின் மேல் தார்ப்பாய் விரித்தாயிற்று. மாடு நாளைக் காலை சித்தப்பா கொட்டகைக்குப் போகிறது. கடைசியாக ஒரு கேள்வி. மாமியாரையும் குழந்தைகளையும் வத்தலக்குண்டில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்கு அனுப்பலாமா என்று யோசிக்கிறோம். அது சரியா? எப்போது கிளம்ப வேண்டும்?

பெருமாள்மலைப் பெரியவர்

அனுப்பலாம், மகளே, ஆனால் நாளை முற்பகலுக்குள் கிளம்பிவிட வேண்டும். மழை தொடங்கிய பிறகு மலைச்சாலையில் இறங்குவதை விடப் பள்ளங்கியிலேயே பத்திரமான வீட்டில் தங்குவது நல்லது. டம்டம் பாறைப் பக்கம் மரமும் கல்லும் விழுந்து முன்னும் பின்னும் வழி அடைபட்டால், இரவு முழுவதும் வண்டியிலேயே இருக்க வேண்டிவரும். போக்குவரத்து நெரிசலைத் தவிர்ப்பதற்காக யாராவது அடுக்கம் வழியாகப் போகலாம் என்று சொன்னால் கேட்க வேண்டாம். அந்தச் சாலை குறுகலானது, மண் சரிவும் அங்கே அடிக்கடி ஏற்படும். பேருந்திலோ வண்டியிலோ வத்தலக்குண்டு சாலை வழியாகவே செல்லட்டும். வண்டியில் போர்வையும் குடிதண்ணீரும் மாமியாரின் மருந்துப் பையும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். கீழே போய்ச் சேர்ந்ததும் உங்களுக்குத் தகவல் சொல்லச் சொல்லுங்கள். சாலை திறந்துவிட்டதாக அதிகாரிகள் அறிவித்த பிறகும், மழை ஓய்ந்து ஓரிரு நாள் கழித்து, நீங்கள் பின்புற மேட்டை ஒருமுறை பகலில் பார்த்துவிட்டே அவர்களைத் திரும்ப வரச் சொல்லுங்கள்.